அலமாரி தின்ற கல்

தூத்துக்குடி முத்து, ராமேஸ்வரத்துச் சங்கு, மன்னார் வளைகுடாவின் பவளப்பாறை... இந்த மூன்றுக்கும் பொதுவானது எது என்று கேட்டால் யாரும் "கடல்" என்றுதான் சொல்வார்கள். சரியான பதில்தான். ஆனால் இன்னொரு பதிலும் இருக்கிறது. மூன்றுமே முக்கியமாக அரகோனைட் என்ற ஒரே கனிமத்தால் ஆனவை. (மோதிரத்தில் வைக்கிற சிவப்புப் பவளம் இந்தக் கணக்கில் சேராது. அது அரகோனைட்டின் பங்காளியான கால்சைட்.)

பங்காளி என்ற சொல் இங்கே ரொம்பப் பொருத்தம். சுண்ணாம்புக்கல், பளிங்கு எல்லாம் கால்சைட். அரகோனைட்டை எடுத்து ஆய்வுக்கூடத்தில் பிரித்துப் பார்த்தாலும் அதே கால்சியம் கார்பனேட்தான் கிடைக்கும். பூர்வீகச் சொத்து ஒன்று, வீடு மட்டும் இரண்டு. உள்ளே அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதம் வேறு. அரகோனைட்டில் அடுக்கு நெருக்கமானது. அதனால் கால்சைட்டின் அடர்த்தி 2.71 என்றால் அரகோனைட்டுக்கு 2.93. புரோமோஃபார்ம் என்ற கனமான திரவத்தில் இரண்டையும் போட்டால் கால்சைட் மிதக்கும், அரகோனைட் மூழ்கும். பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும் இரண்டு வெள்ளைத் துண்டுகளைப் பிரிக்க இதைவிட எளிய வழி இல்லை.

இந்தக் கல்லை மனிதர்கள் இருநூற்றைம்பது வருடங்களுக்கும் மேலாகச் சேகரித்து வருகிறார்கள். வியாபாரம், சண்டை, ஏமாற்றம் எல்லாம் கலந்த வரலாறு அது. அதில் ஒரு விபரீதமும் உண்டு. இந்தக் கனிமத்தால் ஆன சேகரிப்புகளை மிக அதிகமாகக் கெடுத்தது திருடனும் இல்லை, தீயும் இல்லை. பத்திரமாக இருக்கட்டும் என்று ஆசை ஆசையாகச் செய்து வைத்த அலமாரிதான்!

தப்பான ஊர்ப் பெயர்

முதலில் ஸ்பெயினுக்குப் போவோம். குவாதலஹாரா மாகாணத்தில் மோலினா தெ அரகோன் என்று ஒரு பழைய கோட்டை ஊர். அதைச் சுற்றியுள்ள களிமண்ணிலும் ஜிப்சத்திலும் ஆறு பட்டைத் தூண்கள் போன்ற சிறு கற்கள் கிடைக்கும். பழுப்பு, செம்மை, லேசான ஊதா நிறங்களில், யாரோ கடைந்து வைத்த மாதிரி இருக்கும். உண்மையில் அது ஒரே படிகம் கிடையாது. மூன்று திசைகளில் வளர்ந்த படிகங்கள் ஒன்றுக்குள் ஒன்று ஊடுருவி, ஆறு பட்டைத் தூண் போல வேஷம் போடுகின்றன. தூணின் தலையை உற்றுப் பார்த்தால் அந்தப் பிணைப்பின் கோடுகள் தெரியும்.

ஹோசே தொருபியா என்ற பிரான்சிஸ்கன் துறவி 1754-ல் ஸ்பெயினின் இயற்கை வரலாறு பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் இந்த மோலினாக் கற்களைப் படத்தோடு காட்டினார். அந்தக் காலம் ஐரோப்பாவில் சேகரிப்புப் பித்து தலைக்கேறியிருந்த காலம். பிரபுக்கள் வீட்டில் ஒரு அறை முழுக்கக் கல்லும் சிப்பியும் எலும்பும் நிரம்பியிருக்கும். இன்றைய ஈக்வடாரின் குவாயாகில் நகரில் பிறந்த பெட்ரோ ஃபிராங்கோ தாவிலா பாரிசில் உட்கார்ந்து அப்படி ஒரு மாபெரும் சேகரிப்பை உருவாக்கினார். 1767-ல் அதை விற்பதற்காக மூன்று பாகங்களில் விலைப்பட்டியல் போட்டார். அதைத் தயாரித்தவர்களில் முக்கியமானவர் ரோமே தெ லீல். பின்னாளில் படிகவியலின் முன்னோடி என்று பெயர் வாங்கியவர். ஒரு விற்பனைப் பட்டியல் எழுதப் போய் ஒருவர் விஞ்ஞானி ஆவதென்றால் சும்மாவா! தாவிலாவின் மிச்சச் சேகரிப்பை 1771-ல் ஸ்பெயின் மன்னர் மூன்றாம் கார்லோஸ் ஏற்றுக்கொண்டார். 1776-ல் அது மாட்ரிட்டில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இன்றைய தேசிய இயற்கை அறிவியல் அருங்காட்சியகத்தின் தொடக்கம் அதுதான்.

கல்லுக்குப் பெயர் வைத்தவர் ஜெர்மனியின் ஃபிரைபெர்க் சுரங்கக் கல்விக்கூடத்தில் பாடம் சொன்ன ஆபிரகாம் வெர்னர். 1790-களில் அவர் "அரகோனைட்" என்று வைத்த பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. கேட்டால் அரகோன் நாட்டுக் கல் என்று தோன்றும். ஆனால் மோலினா இருப்பது அரகோனில் இல்லை, பக்கத்துக் காஸ்டீலில். 1369-ல் ஊர்க்காரர்கள் தங்கள் பிரபு பிடிக்காமல் அரகோன் மன்னரிடம் போய்ச் சேர்ந்து, 1375-ல் திரும்பவும் காஸ்டீலுக்கே வந்துவிட்டார்கள். அந்த ஆறு வருட உறவின் மிச்சம்தான் ஊர்ப் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கும் "அரகோன்". அது கல்லுக்கும் போய், கல்லிலிருந்து தூத்துக்குடி முத்துக்கும் வந்துவிட்டது!

ஒரே கணக்கு, இரண்டு விடை

இனி சண்டைக்கு வருவோம். 1788-ல் பெர்லினின் மார்ட்டின் கிளாப்ரோத் இந்தக் கல்லைப் பகுத்துப் பார்த்து, இது சுண்ணாம்புக்கல்லின் சரக்கேதான் என்று சொல்லிவிட்டார். இது பாரிசில் ஒருவருக்குத் தலைவலியாகப் போய் முடிந்தது. அவர் பெயர் ரெனே ஜுஸ்ட் அயுயி. பாதிரியார். நண்பர் வீட்டில் ஒரு கால்சைட் படிகம் உடைந்தபோது அதன் துண்டுகளின் வடிவத்தைக் கவனித்து, படிகவியல் என்ற துறைக்கே அடித்தளம் போட்டவர். ஒவ்வொரு பொருளுக்கும் அதற்கே உரிய ஒரு அடிப்படை வடிவம் உண்டு, வடிவம் வேறென்றால் பொருளும் வேறு என்பது அவருடைய கொள்கையின் உயிர்நாடி. கால்சைட் உடைந்தால் சாய்சதுரக் கட்டிகளாக உடையும். அரகோனைட் அப்படி உடையாது. அப்படியானால் இரண்டும் வேறு பொருளாக இருக்க வேண்டும். வேதியியலோ ஒரே பொருள் என்கிறது.

வரவு செலவு இரண்டு பக்கமும் கூட்டிப் பார்த்து இடிக்கிறது என்றால் கணக்கர் என்ன செய்வார்? விட்டுப்போன ஒரு ரசீதைத் தேடுவார். பிரெஞ்சு விஞ்ஞானிகளும் அதைத்தான் செய்தார்கள். 1804-ல் ஃபூர்க்ருவாவும் வொக்லனும் தேடினார்கள். 1807-ல் பியோவும் தெனாரும் இன்னும் நுணுக்கமாகத் தேடினார்கள். ஒரு வித்தியாசமும் அகப்படவில்லை.

இதே சமயத்தில் லண்டனில் ஒரு பிரெஞ்சு அகதி இந்த இரண்டு கற்களோடே காலம் தள்ளிக்கொண்டிருந்தார். பூர்னோன் பிரபு. பிரெஞ்சுப் புரட்சியில் நாட்டை விட்டு ஓடி வந்தவர். பணக்காரர்களின் கனிமச் சேகரிப்புகளை ஒழுங்குபடுத்திக் கொடுப்பதுதான் பிழைப்பு. சார்லஸ் கிரெவில் என்பவரின் சேகரிப்பு அவர் கையில் இருந்தது. அங்கிருந்த மாதிரிகளை எல்லாம் அளந்து, வரைந்து, 1808-ல் கார்பனேட் சுண்ணாம்பையும் அரகோனைட்டையும் பற்றி மூன்று பாகப் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். நூலின் தலைப்பிலேயே இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். கிரெவில் 1809-ல் இறந்தார். மறுவருடம் அவருடைய சேகரிப்பை பிரிட்டிஷ் மியூசியத்துக்காக அரசு 13,727 பவுண்டு கொடுத்து வாங்கியது. இரண்டு நூற்றாண்டுக்கு முந்தைய 13,727 பவுண்டு! "வெறும் கல்லுக்கா" என்று அப்போதும் யாராவது கேட்டிருப்பார்கள்.

1813-ல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தின் ஃபிரீட்ரிக் ஸ்ட்ரோமையர் ஒரு குண்டைப் போட்டார். அரகோனைட்டில் கொஞ்சம் ஸ்ட்ரான்ஷியம் இருக்கிறது என்றார். விட்டுப்போன ரசீது கிடைத்துவிட்டது என்று அயுயி தரப்புக்கு ஒரே நிம்மதி. நூற்றுக்குச் சில பங்கே இருக்கும் ஸ்ட்ரான்ஷியம்தான் மொத்தக் கல்லையும் தன் வடிவத்துக்கு இழுக்கிறது என்று விளக்கம் சொன்னார்கள். ஆனால் அந்த நிம்மதி நீடிக்கவில்லை. வேறு வேறு ஊர்களிலிருந்து வந்த அரகோனைட்டுகளைச் சோதித்தபோது சிலவற்றில் ஸ்ட்ரான்ஷியம் பெயருக்குக்கூட இல்லை.

இந்த இடத்தில் சேகரிப்பாளர்களுக்கு ஒரு கும்பிடு போடத்தான் வேண்டும். எல்லாரும் மோலினாக் கல்லையே சோதித்துக்கொண்டிருந்தால் இந்தத் தவறு எத்தனை வருடம் நீடித்திருக்குமோ! பொஹீமியாக் கல் இது, ஆஸ்திரியக் கல் இது என்று துண்டுச் சீட்டு எழுதி ஒட்டி வைத்தவர்கள் இருந்ததால்தான் ஒப்பிட முடிந்தது. கனிமம் சேர்ப்பவர்கள் கல்லைவிட லேபிளுக்கு ஏன் இத்தனை பயபக்தி காட்டுகிறார்கள் என்பது இதில் புரியும். லேபிள் தொலைந்த கல், பில் இல்லாத சரக்கு மாதிரி. அழகு இருக்கும், சாட்சி சொல்லாது.

கடைசியில் 1820-களின் தொடக்கத்தில் எயில்ஹார்ட் மிட்ஷர்லிக் என்ற ஜெர்மானியர் தீர்ப்புச் சொன்னார். ஒரே பொருள் இரண்டு வடிவத்தில் படிகமாகலாம். 1823-ல் சாதாரணக் கந்தகத்தைக் கொண்டே அதைக் காட்டினார். கந்தகம் ஒரு தனிமம், அதற்குள் ஒளிந்திருக்க இன்னொரு பொருளுக்கு இடமே இல்லை. வாதம் முடிந்தது. அயுயி அதற்கு முந்தைய ஆண்டே இறந்துவிட்டார். 1924-ல் டபிள்யூ. எல். பிராக் எக்ஸ்ரே மூலம் அரகோனைட்டின் அணு அடுக்கைக் கண்டுபிடித்தபோதுதான் "எப்படி" என்ற கேள்விக்கும் பதில் வந்தது.

கொதிக்கிற ஊற்றில் ஒரு கடை

அந்தப் பொஹீமியாக் கற்களில் ஒரு வகைக்குத் தனிக்கதை உண்டு. இன்றைய செக் நாட்டின் கார்லோவி வாரி, அன்றைய கார்ல்ஸ்பாத். வெந்நீர் ஊற்றுகளுக்குப் பெயர்போன ஊர். பெரிய ஊற்றின் தண்ணீர் சுமார் 73 டிகிரி வெப்பத்தில் பீறிட்டு வரும். வரும் வழியெல்லாம் பழுப்பும் வெள்ளையுமாக வரிவரியாகக் கல் படிய வைக்கும். அந்தக் கல் அரகோனைட். சில இடங்களில் மணல் துகளைச் சுற்றிச் சுற்றிப் படிந்து பட்டாணி போல உருண்டைகளாகவும் கிடைக்கும்.

உடம்பைத் தேற்ற வந்த பணக்காரர்கள் ஊர் திரும்பும்போது ஏதாவது வாங்கிப் போக ஆசைப்படுவார்கள் அல்லவா? யோசெஃப் முல்லர் என்ற கல் பட்டை தீட்டும் கைவினைஞர் அதைப் புரிந்துகொண்டார். சுற்றுவட்டாரத்துப் பாறைகளையும் ஊற்றுக் கற்களையும் துண்டு துண்டாக வெட்டி, வரிசைப்படுத்தி, தொகுப்பாக விற்றார். அங்கே அடிக்கடி வந்து தங்கிய ஒருவருக்கு இந்தத் தொகுப்பு ரொம்பப் பிடித்துப்போனது. 1807-ல் அவரே உட்கார்ந்து அதற்கு விளக்கப் பட்டியல் எழுதிக் கொடுத்தார். அவர் பெயர் கதே. ஆமாம், ஜெர்மானிய மகாகவி கதேயேதான்! அவர் வீட்டில் சேர்த்து வைத்திருந்த கற்கள் சுமார் 18,000. இன்றும் வைமாரில் இருக்கின்றன. மகாகவி விளம்பர வாசகம் எழுதிக் கொடுத்த கல் வியாபாரி உலகத்தில் முல்லர் ஒருவராகத்தான் இருப்பார்.

வெந்நீரில் ஏன் கால்சைட் படியாமல் அரகோனைட் படிகிறது? 1837-ல் குஸ்டாவ் ரோஸ் அதைச் சோதித்துப் பார்த்தார். கால்சியம் கார்பனேட்டைக் குளிர்ந்த கரைசலிலிருந்து படிய வைத்தால் கால்சைட், சூடான கரைசலிலிருந்து படிய வைத்தால் அரகோனைட். அப்படியானால் குளிர்ந்த கடலில் முத்தும் சங்கும் எப்படி? அங்கே வேறு சூத்திரதாரிகள். நீரில் மெக்னீசியம் அதிகமிருந்தால் அது கால்சைட் வளர்வதைத் தடுக்கும், அரகோனைட்டுக்கு வழி விடும். அதோடு உயிரினங்கள் தங்கள் புரதங்களைக் கொண்டே எந்த வடிவம் வேண்டும் என்று தீர்மானித்துக்கொள்கின்றன.

இரும்பு பூத்த பூ

அரகோனைட் வகைகளிலேயே பார்த்தவரை மயக்கிப்போடுவது ஆஸ்திரியாவின் ஸ்டிரியா மாநிலத்தில் இருக்கும் எர்ட்ஸ்பெர்க் மலையில் கிடைத்தது. "தாதுமலை" என்றே பொருள். ஆயிரம் வருடத்துக்கும் மேலாக இரும்புத் தாது வெட்டும் மலை. அதன் பிளவுகளில் பனி வெள்ளையில் கிளைவிட்டு, வளைந்து, நெளிந்து, மேலும் கீழும் இஷ்டத்துக்குப் படர்ந்த கல் கொடிகளைச் சுரங்கத் தொழிலாளர்கள் கண்டெடுத்தார்கள். லத்தீனில் "ஃப்ளோஸ் ஃபெர்ரி", இரும்பின் பூ என்று பெயர். இரும்பின் பூவில் இரும்பு மட்டும் கிட்டத்தட்ட இல்லவே இல்லை என்பதுதான் வேடிக்கை.

பார்த்தால் செடி மாதிரி இருப்பதால் கல்லும் முளைத்து வளரும் என்று அந்தக் காலத்தில் நம்பியவர்கள் உண்டு. சாதாரண ஆட்கள் இல்லை. 1700-ல் கிரேக்கத்தின் அந்திபாரோஸ் குகைக்குள் இறங்கிப் பார்த்த தாவரவியல் மேதை தூர்னஃபோர்ட்டே கற்கள் தாவரம் போல வளர்கின்றன என்று எழுதினார். அந்தக் கிளைகளைப் பார்த்தவர்கள் அவரைக் கேலி செய்ய மாட்டார்கள்.

1811-ல் ஆர்ச்டியூக் யோஹான் கிராட்ஸ் நகரில் யோவானியம் என்ற அருங்காட்சியகத்தைத் தன் சொந்தச் சேகரிப்பிலிருந்து தொடங்கினார். அங்கே கனிமங்களை ஒழுங்குபடுத்த வந்தவர் ஃபிரீட்ரிக் மோஸ். 1812-ல் அவர் போட்ட கடினத்தன்மை அளவுகோல் பள்ளிப் பாடத்தில் எல்லாருக்கும் வந்திருக்கும். அதில் 3-வது இடம் கால்சைட். அரகோனைட் மூன்றரைக்கும் நான்குக்கும் இடையில். கால்சைட்டைக் கீறிவிடும். ஆனால் கடினம் வேறு, உறுதி வேறு. இரும்புப் பூவின் கிளை ஒன்றைச் சுண்டு விரலால் தட்டினால் முறிந்துவிடும். மலையிலிருந்து குதிரை வண்டியில் மேடு பள்ளம் தாண்டி நகரத்து மாளிகை வரை முழுசாக வந்து சேர்வதே பெரும்பாடு. இன்று கண்ணாடிக்குள் இருக்கும் ஒவ்வொரு முழுக் கொத்துக்கும் பின்னால் எத்தனை நொறுங்கிய கொத்துகளோ.

அப்படி வந்து சேர்ந்ததை என்ன செய்வார்கள்? ஊரிலேயே நல்ல தச்சரைக் கூப்பிட்டு, நல்ல மரத்தில், தூசி நுழையாத இழுப்பறைகள் வைத்த அலமாரி செய்வார்கள். நல்ல மரம் என்றால் ஐரோப்பாவில் ஓக்.

நோய் என்று நினைத்தது

19-ஆம் நூற்றாண்டின் இறுதி. சிப்பி, சங்கு சேகரிப்பவர்கள் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார்கள். பல வருடம் பூட்டி வைத்த இழுப்பறையைத் திறந்தால் பளபளப்பாக வைத்த சிப்பியின் மேல் வெள்ளையாக ஏதோ பூத்திருக்கிறது. நம்மூர்ச் சுவரில் உப்பு பூக்குமே, அது மாதிரி. தொட்டால் பொடியாக உதிரும். துடைத்தால் அடியில் பளபளப்பு போய்ச் சொரசொரப்பு. விட்டுவிட்டால் வருடம் போகப் போகச் சிப்பி முழுவதும் அரிக்கப்பட்டு உருத் தெரியாமல் போகும். அதிலும் ஒரு சிப்பிக்கு வந்தால் பக்கத்தில் இருப்பதற்கும் வருகிறது!

1899-ல் லாஃப்டஸ் செயின்ட் ஜார்ஜ் பைன் என்ற ஆங்கிலேயச் சேகரிப்பாளர் இதைப் பற்றி விரிவாக எழுதினார். பரவுகிற விதத்தைப் பார்த்து இதற்குப் பின்னால் கிருமி இருக்கிறது என்று முடிவு கட்டினார். பாஸ்டரும் கோக்கும் எல்லா நோய்க்கும் கிருமியைக் காட்டிக்கொண்டிருந்த காலம். அவரைக் குறை சொல்ல முடியாது. "பைன் நோய்" என்ற பெயர் நிலைத்தது. இன்றும் அருங்காட்சியகத்துக்காரர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள், அது நோயே இல்லை என்று தெரிந்த பிறகும்.

1934-ல் ஜே. ஆர். நிக்கோல்ஸ் என்ற வேதியியலர் குற்றவாளியைக் காட்டினார். ஓக் அலமாரி! மரம் வெட்டி, அறுத்து, இழைத்து, மெருகு போட்ட பிறகும் அதன் உள்ளே வேதிவினை நிற்பதில்லை. மரத்தில் உள்ள சில பொருள்கள் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து மெல்ல மெல்ல அசிட்டிக் அமிலத்தை வெளிவிடுகின்றன. சமையலறை வினிகரில் இருப்பது அதுவேதான். ஓக் இதில் மிக மோசமான மரங்களில் ஒன்று. சுண்ணாம்பில் எலுமிச்சம்பழம் பிழிந்தால் பொங்குமே, அதே வேலை இழுப்பறைக்குள் சத்தமில்லாமல், முப்பது நாற்பது வருடமாக நடந்திருக்கிறது. அரகோனைட் கரைந்து கால்சியம் அசிட்டேட் உப்பாகப் பூத்திருக்கிறது. பக்கத்துச் சிப்பிக்குத் தொற்றியதாகத் தோன்றியதும் இதனால்தான். ஒரே அறையில் இருந்தவை ஒரே புகையைச் சுவாசித்தன.

இதில் மனசைப் பிசைகிற விஷயம் ஒன்று உண்டு. தச்சர் எவ்வளவுக்கு எவ்வளவு திறமைசாலியோ அவ்வளவுக்கு அவ்வளவு நாசம். கோணல் மாணலாகச் செய்த அலமாரியில் இடுக்கு வழியே காற்றோடு அமிலமும் வெளியேறிவிடும். இம்மியும் இடைவெளி இல்லாமல் பொருத்திய இழுப்பறையில் அது அப்படியே தங்கும். அக்கறையே இல்லாமல் திண்ணையில் கிடந்த சிப்பி தப்பித்தது. ஆயிரம் முறை யோசித்துப் பூட்டி வைத்தது கரைந்தது.

சிப்பிகள்தான் முதலில் அகப்பட்டன. அவற்றின் நுண்ணிய அடுக்குகளில் அமிலம் நுழைய இடம் அதிகம். கனிம மாதிரிகளில் மோலினாத் தூண் போல கெட்டியானவை ரொம்ப நாள் தாக்குப்பிடிக்கும். மெல்லிய கிளையும் ஊசியுமாக இருக்கும் வகைகளுக்குக் காற்றில் படும் பரப்பு அதிகம் என்பதால் ஆபத்தும் அதிகம். புதைபடிவங்கள், பறவை முட்டை ஓடுகள் என்று சுண்ணாம்பால் ஆன எதுவும் இதிலிருந்து தப்பவில்லை. 1945-ல் பெல்ஜியத்தின் வான் தாஸெல் என்பவர் பிரஸ்ஸல்ஸ் அருங்காட்சியகத்தின் ஓக் இழுப்பறைகளில் இருந்த சுண்ணாம்பு மாதிரிகள் மேல் பூத்திருந்த ஊசிகளை ஆராய்ந்தார். கால்சியம், குளோரின், அசிட்டேட் மூன்றும் சேர்ந்த உப்பு அது. கால்க்ளாசைட் என்று பெயர் வைத்தார். மலை, சுரங்கம் எதுவும் தேவைப்படாமல் அலமாரியே பெற்ற பிள்ளை!

இவ்வளவு தெரிந்த பிறகாவது எல்லாரும் ஓக்கை விட்டார்களா என்றால், இல்லை. கிருமிக் கதை பாதிப் பேரிடம், அலமாரிக் கதை மீதிப் பேரிடம் என்று அரை நூற்றாண்டு ஓடியது. 1985-ல் நார்மன் டென்னென்ட், தாமஸ் பெயர்ட் இருவரும் அந்த வெள்ளைப் பூப்புகளை நவீன கருவிகளால் பகுத்து, அவை அசிட்டிக் அமிலமும் ஃபார்மிக் அமிலமும் உண்டாக்கிய கால்சியம் உப்புகள் என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிறுவினார்கள். அதற்கு முன்பே 1973-ல் பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆண்ட்ரூ ஆடி ஒரு சோதனை முறையைக் கொண்டுவந்திருந்தார். காட்சிப் பெட்டிக்குப் பயன்படுத்தப்போகும் மரமோ துணியோ பசையோ, அதில் ஒரு துண்டை வெள்ளி, ஈயம், செம்புத் தகடுகளோடு கொஞ்சம் ஈரம் சேர்த்து 60 டிகிரியில் 28 நாள் மூடி வைப்பார்கள். தகடு கறுத்தாலோ அரித்தாலோ அந்தப் பொருளுக்கு உள்ளே அனுமதி இல்லை. அலமாரிக்கு வைத்த நுழைவுத் தேர்வு!

இப்போது வைத்திருப்பவர்கள்

இன்று அரகோனைட் வாங்குவது அவ்வளவு கஷ்டமில்லை. மொராக்கோவின் செஃப்ரூ பகுதியிலிருந்து எல்லாத் திசையிலும் முள் நீட்டிக்கொண்டிருக்கும் பழுப்பு உருண்டைகள் உலகம் முழுக்க வருகின்றன. 1957-ல் பறந்த ரஷ்யச் செயற்கைக்கோளை நினைவுபடுத்துவதால் சந்தையில் அதற்கு "ஸ்புட்னிக்" என்றே பெயர். முறிந்த முள்ளைப் பசை வைத்து ஒட்டியதும் கலந்து வரும் என்பதால் அடிப்பாகத்தை லென்ஸ் வைத்துப் பார்ப்பது அனுபவசாலிகளின் பழக்கம். சிசிலியின் பழைய கந்தகச் சுரங்கத்து அரகோனைட்டுகளுக்குப் புற ஊதா விளக்கு காட்டினால் இளஞ்சிவப்பாக ஒளிரும். விளக்கை அணைத்த பிறகும் சில நொடி மினுக்கும்.

குகைக்குள் வளர்ந்தது மட்டும் வேண்டாம். ஸ்லோவாக்கியாவில் 1954-ல் கண்டுபிடிக்கப்பட்ட ஓக்தினா குகையில் எர்ட்ஸ்பெர்க்கின் இரும்புப் பூ போன்ற கொத்துகள் கூரையிலிருந்தும் சுவரிலிருந்தும் படர்ந்திருக்கின்றன. 1972-ல் பார்வையாளர்களுக்குத் திறந்தார்கள், 1995-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அங்கே முறித்தால் மறுபடி வளர மனித ஆயுள் போதாது.

பராமரிப்பு என்று பார்த்தால் செய்ய வேண்டியதைவிடச் செய்யக் கூடாததுதான் நிறைய. கறை எடுக்கிறேன் என்று வினிகரோ எலுமிச்சையோ பட்டால் கல்லே போகும். துருக்கறைக்குப் பலரும் பயன்படுத்தும் ஆக்சாலிக் அமிலமும் ஆகாது. அது கறையோடு சேர்த்துக் கல்லின் மேல் கால்சியம் ஆக்சலேட் படலத்தைப் போர்த்திவிடும். மோலினாக் கல் போன்றவற்றைக் காய்ச்சி வடித்த நீரில் சட்டென்று அலசலாம். ஆனால் ஒட்டியிருக்கும் களிமண் ஊறினால் கல் கழன்று வந்துவிடும். ஊசியும் கிளையுமான வகைகளுக்குத் தண்ணீரே வேண்டாம். கேமரா லென்ஸுக்கு ஊதும் ரப்பர்க் குமிழ் போதும். பஞ்சில் பொதிந்து வைப்பது பார்க்கப் பாசமாக இருக்கும். எடுக்கும்போது நூல் சிக்கி நாலு கிளை முறிந்த பிறகுதான் அதன் வினை தெரியும்.

எங்கே வைப்பது? வர்ணம் சூடேற்றிப் பதித்த இரும்பு பீரோதான் நல்லது. ஓக் மட்டுமில்லை, தேக்கு உட்பட எந்த மரமும் முழு விதிவிலக்கு கிடையாது. மரத்தூளைப் பசையால் அழுத்திச் செய்யும் பலகைகள் இன்னும் மோசம், அந்தப் பசையிலிருந்தும் ஆவி வரும். ரொம்பப் பேர் கவனிக்காதது சிலிக்கான் பசை. மீன்தொட்டி ஒட்டும்போது குப்பென்று ஒரு புளித்த வாடை அடிக்குமே, அது அசிட்டிக் அமிலமேதான். ஆசையாகக் கண்ணாடிப் பெட்டி செய்து, அந்தப் பசை காயும் முன்னே இரும்புப் பூவை உள்ளே வைத்து மூடினால் நூறு வருடம் முந்தைய ஓக் அலமாரியை அவரவர் வீட்டிலேயே செய்த மாதிரிதான். புழுக்கமான ஊர்களில் சூடும் ஈரமும் சேர்ந்து இந்த வேலையை இன்னும் வேகப்படுத்தும்.

பழைய அருங்காட்சியகங்களுக்கு வேறொரு சங்கடம். அந்த ஓக் அலமாரிகளும் இப்போது நூறு, நூற்றைம்பது வயதான கலைப்பொருள்கள். தூக்கிப் போட மனசும் வராது. சில இடங்களில் கல்லையும் சிப்பியையும் இரும்புப் பெட்டிகளுக்கு மாற்றிவிட்டு, அலமாரியைத் தனியாகப் பராமரிக்கிறார்கள். மாற்ற முடியாத இடங்களில் இழுப்பறைக்குள் ஆவியை உறிஞ்சும் கரித்துணி வைத்து, அவ்வப்போது திறந்து காற்றாட விடுகிறார்கள். பூத்துவிட்ட சிப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்து, சுத்தமான நீரில் அந்த உப்பை அலசி, நன்றாக உலர்த்தி, புது லேபிளோடு பழைய லேபிளையும் சேர்த்து வைக்கிறார்கள். உப்பு மொத்தமாகப் போய்விடும், அரிப்பும் நிற்கும். பளபளப்பு மட்டும் திரும்பி வருவதில்லை.